மிஸ்டு அபார்ஷன்

கேஸ் ஷீட்டில் ‘மிஸ்டு அபார்ஷன்’ என்று எழுதியிருந்தால் எந்த ஸ்டாஃப் நர்ஸுக்கும் அர்த்தம் தெரியும். வயிற்றுக்குள்ளேயே கருவின் துடிப்பு நின்றுவிட்டது, இன்னும் வெளியே வரவில்லை. யாரும் எதையும் கலைக்கவில்லை. இவ்வளவு தெரிந்த நாங்களே, கூட வேலை பார்த்தவளைப் பற்றி என்ன பேசினோம் என்று எழுத வந்தேன். (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சிலதை மாற்றியிருக்கிறேன்.)

ஸ்டாஃப் என்றால் பில்லில் குறைப்பார்கள் என்று எங்கள் ஆஸ்பத்திரியிலேயே டி அண்ட் சி (கருப்பையைச் சுத்தம் செய்வது) செய்துகொண்டாள். மதியம் அட்மிஷன். நான் நைட் டியூட்டிக்குப் போவதற்குள் லிஃப்ட்காரர் வரைக்கும் செய்தி போயிருந்தது. போகிற வழியில் ‘மிஸ்டு’ உதிர்ந்து வெறும் ‘அபார்ஷன்’ ஆகியிருந்தது. கணவர் துபாயில். அவர் கடைசியாக லீவில் வந்தது எப்போது என்று டியூட்டி ரூமில் ஒருத்தி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு விரல் மடக்கி எண்ணினாள். அந்த வார்டில் அவளுக்கு டியூட்டியே கிடையாது, சும்மா போய் கேஸ் ஷீட்டைப் புரட்டிவிட்டு வந்திருந்தாள். நான் எண்ணவில்லை. ஆனால் “எத்தனை வாரமாம்?” என்று கேட்டேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. எச்ஐவி, மனநல சிகிச்சை இரண்டின் ரகசியத்துக்கும் 2017லேயே சட்டம் வந்துவிட்டது. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரை டாக்டர் வெளியே விட்டால் ஓராண்டு வரை சிறை என்று கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தம் சொல்கிறது. ஆனால் டியூட்டி ரூமில் யாரும் பெயரே சொல்வதில்லை. “நம்ம 12ஆம் பெட்” என்றால் போதும்.

ஹேண்ட் ஓவரில் எல்லாவற்றையும் பேசித்தான் ஆக வேண்டும். அடுத்த ஷிஃப்டுக்கு ரத்தப்போக்கு எவ்வளவு, என்ன ஊசி போட்டோம் எல்லாம் தெரியணும். அதே வாயால்தான் வம்பும் பேசுகிறோம் என்பதால் கோடு எங்கே என்பது மறந்துபோகிறது. எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் வருஷா வருஷம் ‘விசிட்டர் முன்னால் பேசாதீங்க’ என்று மட்டும் சொல்வார். தன் பெட் இல்லாத கேஸ் ஷீட்டை எதற்கு எடுத்தாய் என்று ஒரு தடவையாவது யாரையாவது கேட்டிருந்தால், எனக்குத் தெரிந்து பாதி வம்பு அன்றைக்கே நின்றிருக்கும்.

போன மாதம் அவளுக்குத் தைராய்டு பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு பஸ் மாறி வேறு ஊருக்குப் போனாளாம். ஓபி சீட்டு போடும்போது என்ன வேலை என்று கேட்டதற்கு, “வீட்லதான் இருக்கேன்” என்றாளாம்.