தொடாதீர்கள், ஐயா

அந்தக் காணொளியை நேற்றிலிருந்து எத்தனை பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள்! பழங்கால எகிப்திய அரசி நெஃபர்தாரியின் கல்லறைக்குள் நின்று, அரசியின் வெள்ளை உடைமீது உள்ளங்கையை வைத்துத் தடவியபடி ஒருவர் சிரிக்கிறாரே, அதேதான். அதன் கீழே நான் எழுதியது இரண்டே வார்த்தை: "தொடாதீர்கள், ஐயா." அதற்குத்தான் "பெரிய ஆராய்ச்சியாளர் வந்துவிட்டார்" என்று ஏச்சு.

நான் ஆராய்ச்சியாளர் இல்லை. 2018-இல் அம்மாவோடு எகிப்தின் லக்சர் நகருக்குப் போய், நைலின் மேற்குக் கரையில் அரசிகளின் பள்ளத்தாக்கில் அந்தப் படிகளில் இறங்கியவள். தொடாதீர்கள் என்று சொல்ல அது போதும்.

அங்கே பாறை நொறுங்கும் சுண்ணாம்புக்கல். அதன்மேல் சாந்து பூசித்தான் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். பாறைக்குள் உப்பு இருக்கிறது. ஈரம் பட்டால் கரையும். காயும்போது படிகமாகிச் சாந்தைப் பின்னாலிருந்து தள்ளும். ஓவியம் பொருக்குப் பொருக்காக உதிரும். 1904-இல் இத்தாலியத் தொல்லியலாளர் ஸ்கியாபரெல்லி இந்தக் கல்லறையைக் கண்டுபிடித்தபோதே பல இடங்கள் உதிர்ந்திருந்தன. 1986 முதல் 1992 வரை எகிப்தியத் தொல்பொருள் துறையும் அமெரிக்காவின் கெட்டி பாதுகாப்பு நிறுவனமும் சேர்ந்து, விழவிருந்த துணுக்குகளை ஒட்டிக் காப்பாற்றினார்கள். அழிந்த இடத்தில் புதிய உருவம் எதையும் வரைந்து நிரப்பவில்லை. 1995-இல் திறந்தபோது நாளுக்கு 150 பேர், ஆளுக்குப் பத்து நிமிடம். 2003-இல் மறுபடி மூடி, பல ஆண்டுகள் கழித்துத்தான் மீண்டும் திறந்தார்கள். மனித மூச்சும் வியர்வையும் அந்தச் சுவருக்கு ஆகாது என்பதால் இத்தனை கட்டுப்பாடு. மூச்சுக்கே கணக்கு வைத்திருக்கும் இடத்தில் உள்ளங்கையை வைப்பதா?

"டிக்கெட் வாங்கித்தானே போனார்?" பார்ப்பதற்கு வாங்கினார். "3,200 ஆண்டு நின்றது ஒரு விரலிலா விழப்போகிறது?" நெடுங்காலம் மண்ணுக்குள் கிடந்ததால் நின்றது. "காவலாளியே காசு வாங்கிக்கொண்டு கண்டும் காணாமல் இருக்கிறாரே?" இருக்கலாம். வாங்கியது அவர் தவறு. சுவரில் இருப்பது உங்கள் கை.

பத்து நிமிடம்தான் ஏன் என்று அம்மா கேட்டாள். மூச்சின் ஈரம் ஓவியத்தைக் கெடுக்கும் என்றார் வழிகாட்டி. உடனே முந்தானையை எடுத்து வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை. கருவறை முன்னால் நிற்பதுபோல நின்றாள். மேலே கருநீல விதானம், வரிசை வரிசையாக மஞ்சள் நட்சத்திரங்கள். அரசி தனியாக உட்கார்ந்து செனெட் என்ற பழைய எகிப்தியப் பலகை விளையாட்டை ஆடும் காட்சியின் முன் வெகுநேரம் நின்று, "எதிரே ஆள் இல்லையே" என்றாள், துணிக்குள்ளிருந்தே. பத்தில் நான்கு நிமிடம் அங்கேயே போயிற்று. நான் அவசரப்படுத்தினேன். இன்று அம்மா இல்லை. அன்று அவசரப்படுத்தியது இப்போது உறுத்துகிறது.

அந்த அரசியிடம்தான் என்ன மிச்சம்? பழங்காலத்திலேயே கொள்ளையர் புகுந்து பெரும்பாலானவற்றை அள்ளிவிட்டார்கள். இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் சில பொருள்கள், ஒரு ஜோடி செருப்பு, இரண்டு முழங்கால்களின் துண்டுகள். அந்த முழங்கால்கள் அவளுடையவையாகவே இருக்கக்கூடும் என்று 2016-இல் ஆய்வாளர்கள் சொன்னார்கள். மன்னர் இரண்டாம் ராம்சேஸின் பட்டத்தரசிக்கு உடல் என்று எஞ்சியது அவ்வளவே. முகம் அந்தச் சுவரில் இருக்கிறது. அதையும் தேய்த்துவிட்டு, "ஒரு படத்துக்காகத்தானே" என்கிறீர்கள். எனக்கு ஆத்திரம் வருகிறது. அதை மறைக்கப் போவதில்லை.

படியேறி வெயிலுக்கு வந்த பிறகுதான் அம்மா முந்தானையை எடுத்தாள். வாய் பட்ட இடத்தில் உள்ளங்கை அளவுக்குத் துணி ஈரமாக இருந்தது.