களைத்துப் போன வருடங்களில் தீர்ப்பு எழுதாதீர்கள்

"எங்களுக்குள்ள இனிமே ஒண்ணும் இல்லப்பா. ஏதோ ஒரே வீட்டுல இருக்கோம், அவ்வளவுதான்."

45ஐத் தாண்டிய தோழிகளிடமும் சில ஆண் நண்பர்களிடமும் இந்தப் பேச்சை இப்போது அடிக்கடி கேட்கிறேன். கொஞ்சம் நிதானமாக விசாரித்தால் பெரும்பாலும் கூடவே வேறொரு விஷயமும் வெளியே வரும். பக்கவாதம் வந்து படுத்திருக்கும் அப்பா. மறதி நோய் முற்றிய மாமியார். தனிக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளை. கணவன், மனைவி இரண்டு பேருமே ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கி மாதக்கணக்காகியிருக்கும். அந்த நிலையில் உட்கார்ந்துகொண்டு "நமக்குள் அன்பு இருக்கிறதா" என்று கணக்குப் பார்க்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பராமரிப்பு உச்சத்தில் இருக்கும் வருடங்களில் உங்கள் திருமணத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதாதீர்கள். வீட்டில் யார் என்ன சுமக்கிறார்கள், யார் எவ்வளவு தூங்குகிறார்கள் என்று முதலில் பாருங்கள். அதைச் சரிசெய்துவிட்டு அன்பைப் பற்றிப் பேசலாம்.

என் கணவரின் அம்மாவுக்கு மறதி நோய் வந்தது. கடைசிவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டோம். பொழுது சாயும் நேரத்தில் அவருக்குக் குழப்பம் அதிகமாகும். "வீட்டுக்குப் போகணும், கூட்டிட்டுப் போ" என்று தன் வீட்டிலேயே நின்றுகொண்டு கேட்பார். பதில் சொன்ன அடுத்த நிமிஷமே மறுபடி கேட்பார். ராத்திரி எழுந்து கதவைத் திறக்கப் பார்ப்பார். பின்னாளில் படுக்கையோடு ஆனபோது, முதுகில் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டியிருந்தது. இதைச் செய்தவர்களுக்குத் தெரியும், அந்த நாட்களில் கணவன் மனைவி பேச்சு எப்படி ஆகிவிடும் என்று. "மாத்திரை கொடுத்தாச்சா?" "டயபர் வாங்கணும்." "இன்னிக்கு உன் முறை." ஒருவர் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போகிறார், இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார். வேறு பேச்சே கிடையாது.

இந்தக் களைப்பு நம் மனப்பலவீனம் என்று நினைத்துக்கொள்பவர்களுக்காக இரண்டு ஆய்வுகளைச் சொல்ல வேண்டும். 1995இல் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவருடைய குழுவினரும் வெளியிட்டது ஒன்று. மறதி நோய் வந்த உறவினரைப் பராமரிக்கும் 13 பெண்கள் ஒரு பக்கம், அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்கள் இன்னொரு பக்கம். எல்லோருடைய கையிலும் ஒரே அளவில், 3.5 மில்லிமீட்டருக்கு, சின்னதாக ஒரு காயம் உண்டாக்கி அது ஆற எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். பராமரிக்கும் பெண்களுக்குச் சராசரியாக 9 நாட்கள் கூடுதலாக ஆனது. கையில் ஒரு கீறல் ஆறுவதற்கே உடம்பு இவ்வளவு திணறும்போது, காலையில் பட்ட ஒரு சுடுசொல்லை மாலைக்குள் மறந்துவிட வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்று 1999இல் வந்தது. ரிச்சர்ட் ஷுல்ஸ், ஸ்காட் பீச் என்ற இருவர், 66 முதல் 96 வயது வரையிலான கணவன், மனைவிமாரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். துணையைப் பராமரித்து, அதனால் அழுத்தத்துக்கும் ஆளானவர்களுக்கு இறப்பு அபாயம் மற்றவர்களைவிட 63 சதவீதம் அதிகம் இருந்தது. அழுத்தம் இல்லாமல் பராமரித்தவர்களிடம் அப்படி ஓர் உயர்வு தெரியவில்லை. எனக்கு இந்த இரண்டாவது பகுதிதான் முக்கியமாகப் படுகிறது. பராமரிப்பது ஆளை அழித்துவிடுவதில்லை. அதைத் தாங்க முடியாத அளவுக்குத் தனியாகச் சுமப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. அப்படியென்றால் சுமையை மாற்றி வைக்க முடியும்.

எங்கே மாற்றி வைப்பது? நான் பார்த்தவரை, வீடுகளில் நடக்கும் சண்டைகளில் பெரும்பங்கு கைவேலையைப் பற்றியது இல்லை, மண்டைக்குள் ஓடும் வேலையைப் பற்றியது. "நீ சொல்லியிருந்தா நான் செஞ்சிருப்பேனே" என்கிறார் கணவர். அவர் பொய் சொல்லவில்லை, சொன்னால் செய்வார்தான். ஆனால் எது எப்போது தீரப்போகிறது, எந்த மருத்துவரிடம் எப்போது போக வேண்டும், மூத்த பிள்ளையின் தேர்வும் அப்பாவின் ஸ்கேனும் ஒரே நாளில் வருகிறதே என்று ராத்திரியில் விழித்துக் கிடந்து யோசிப்பது ஒரே ஒருத்தர்தான். 2019இல் அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதிகளிடம் பேசி இந்த வேலையை நான்காகப் பிரித்துக் காட்டினார். என்ன தேவைப்படும் என்று முன்கூட்டியே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, அது நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுக்கும் இடத்தில் கணவர்களும் கூட இருந்தார்கள். முன்கூட்டி உணர்வதும் பின்னால் கண்காணிப்பதும் பெரும்பாலும் பெண்கள் தலையிலேயே விழுந்தன. கண்ணுக்குத் தெரியாத வேலை இந்த இரண்டும்தான்.

ஆகவே, "உதவி செய்கிறேன்" என்ற ஏற்பாடு போதாது. ஒரு வேலையை எடுத்தால் நுனி முதல் அடி வரை எடுக்க வேண்டும். மருந்து உங்கள் பொறுப்பு என்றால் எது தீர்கிறது என்று பார்ப்பது, வாங்குவது, வேளைக்குக் கொடுப்பது, பக்கவிளைவு தெரிந்தால் மருத்துவரைக் கூப்பிடுவது எல்லாமே உங்களுடையது. மற்றவர் அதை மறந்தே போய்விடலாம். கொடுத்தவருக்கும் ஒரு கடமை உண்டு. ஒப்படைத்த பிறகு பின்னால் நின்று திருத்திக்கொண்டிருக்கக் கூடாது. துணி மடித்த விதம் பிடிக்கவில்லை என்றால் பரவாயில்லை, விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நிம்மதியைக் கொடுத்தது இந்த ஒரு மாற்றம்தான். மருத்துவமனை சம்பந்தப்பட்ட அத்தனையையும் அவர் எடுத்துக்கொண்டார். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாமல் போனது. தூக்கம் திரும்பி வந்தது.

வேலையைத் தாண்டி இன்னொன்று இருக்கிறது, துக்கம். ஆள் உயிரோடு இருக்கும்போதே இழந்துகொண்டிருக்கும் துக்கம். பாலின் பாஸ் என்பவர் 1970களில் வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களோடு பழகி, இந்த வகை இழப்புக்கு ஒரு கோட்பாட்டை உருவாக்கினார். இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாததால் அழுது முடிக்கவும் முடியாது, நம்பிக்கையோடு காத்திருக்கவும் முடியாது. மறதி நோய் வந்த வீட்டில் ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஆனால் நமக்குத் தெரிந்த அந்த மனுஷி இல்லை. பெற்ற தாய் மகனைப் பார்த்து "நீங்க யாரு தம்பி?" என்று மரியாதையாகக் கேட்கும் நாள் வரும். அன்று அவன் வாய்விட்டு அழ மாட்டான். செல்போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவான், அல்லது அலுவலகத்தில் நேரம் கழித்துக் கிளம்புவான். மனைவிக்கு அது தப்பித்து ஓடுவது போலத் தெரியும். அவளுடைய எரிச்சல் அவனுக்குத் தன் அம்மா மேல் காட்டும் வெறுப்பாகத் தெரியும். இரண்டு பேரும் ஒரே இழப்பில்தான் நிற்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் தவறாகப் படிக்கிறார்கள்.

இதற்கெல்லாம் நடு வயது கொண்டுவரும் மாற்றங்களும் சேர்ந்துகொள்கின்றன. மாதவிடாய் நிற்பது பொதுவாக 45க்கும் 55க்கும் இடையில். அதற்கு முந்தைய சில வருடங்களில் தூக்கம் கெடும், உடம்பு திடீரென்று கொதிக்கும், காரணமில்லாமல் அழுகை முட்டும். அதே வயதில் ஆணுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, வேலை போய்விடுமோ என்ற பயம். பிள்ளைகள் பதின்வயதில் கதவைச் சாத்திக்கொள்ளும் பருவமும் இதுதான். தாம்பத்திய உறவு நின்று போயிருந்தால் அதைக் காதல் செத்துப்போனதற்கான ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி மூன்று முறை எழும் உடம்புக்கு முதலில் தூக்கம்தான் வேண்டும். தோளில் ஒரு கை வைப்பது, பக்கத்தில் வந்து உட்காருவது, இந்தச் சின்னத் தொடுதல்களை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

யாரும் வெளியே சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். "இது சீக்கிரம் முடிஞ்சா தேவலை" என்ற எண்ணம். அது வந்த மறுகணமே குற்றவுணர்ச்சி வந்து நெஞ்சை அழுத்தும். நான் மட்டும்தான் இவ்வளவு கொடூரமானவளா என்று தோன்றும். பராமரிப்பவர்களின் சுமையை அளக்க 1980இல் ஸ்டீவன் ஸாரிட்டும் சகாக்களும் உருவாக்கிய ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. அதன் 22 கேள்வி வடிவம் இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. நோயாளியின் அருகில் இருக்கும்போது கோபம் வருகிறதா, இந்தப் பொறுப்பை வேறு யாரிடமாவது விட்டுவிட்டுப் போய்விட மாட்டோமா என்று ஏங்குகிறீர்களா என்றெல்லாம் அதில் நேராகவே கேட்பார்கள். கேள்வித்தாளில் அச்சடித்து வைக்கும் அளவுக்கு இப்படிப்பட்ட எண்ணங்கள் பலருக்கும் வருபவை. அதை உங்கள் துணையிடம் சொல்ல முடிந்தால் சொல்லிவிடுங்கள். கேட்பவர் தயவுசெய்து "ச்சீ, எங்க அம்மாவையா அப்படி நினைச்ச?" என்று கேட்காதீர்கள். "எனக்கும் தோணுச்சு" என்று சொல்ல முடிந்தால் அன்று ராத்திரி இரண்டு பேருக்கும் பாரம் குறையும்.

"கொஞ்சம் பொறுத்துப் போங்க, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்பவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. பொறுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம், நோய்களை வகைப்படுத்தும் தன் ஐசிடி 11 பட்டியலை 2019இல் ஏற்றுக்கொண்டபோது, வேலையால் வரும் எரிந்துபோன நிலைக்கு (பர்ன்அவுட்) அதில் ஓர் இடம் கொடுத்தது. ஆனால் அதை வேலையிடத்தைத் தவிர வாழ்க்கையின் மற்ற பகுதிகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்றும் எழுதி வைத்தது. சம்பளமும் விடுமுறையும் இல்லாத, ராத்திரியிலும் முடியாத வேலையைச் செய்பவருக்கு அந்தப் பெயரைக்கூடக் கொடுக்கவில்லை. வீட்டில் இருப்பவர்களாவது கொடுக்கலாம் இல்லையா?

நடைமுறையில் உதவுபவை எளியவைதான். யார் எந்த ராத்திரி விழித்திருப்பது என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். மற்றவர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும், வேறு அறையில் தூங்கினாலும் பிரிந்துவிட்டதாக அர்த்தமில்லை. தினமும் கால் மணி நேரம் நோயைப் பற்றிப் பேசாமல் ஒன்றாக உட்காருங்கள், பேச ஒன்றுமே இல்லாவிட்டாலும். பெரிய முடிவுகளை, குறிப்பாகப் பணம், முதியோர் இல்லம், பிரிவு பற்றிய முடிவுகளை, ராத்திரி பத்து மணிக்கு மேல் பேசவே வேண்டாம். மூன்றாவது ஒரு ஆளை, சம்பளத்துக்கோ உறவிலிருந்தோ, வாரத்தில் சில மணி நேரம் கொண்டுவாருங்கள். வெளியாள் கையில் விட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். ராத்திரி புரட்டிப் படுக்க வைக்க ஊர் வரப்போவதில்லை.

தீர்ப்பு எழுதாதீர்கள் என்று நான் சொன்னது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. அடி, உதை இருக்கும் இடத்தில் களைப்பு ஒரு சாக்கு ஆகாது. அங்கே பொறுத்துப் பார்ப்பதற்கு எதுவும் இல்லை, பாதுகாப்புதான் முதல் வேலை. அதேபோல ஏளனம். தம்பதிகளைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன், திருமணம் உடையப் போவதற்கான அறிகுறிகளில் மிகக் கடுமையானது இதுதான் என்கிறார். களைத்துப் போனவர் கத்துவார், அழுவார், பேசாமல் இருப்பார். துணையைக் கேவலமாக நினைத்து, பிள்ளைகள் முன்னால் நையாண்டி செய்து சிறுமைப்படுத்துவது வேறு ரகம். சுமையை எத்தனை முறை சொல்லியும் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அதையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். இன்னொன்று: இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஈடுபாடு இல்லை, நோயாளி தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை, செத்துவிடலாமா என்ற நினைப்பு எட்டிப் பார்க்கிறது என்றால் மருத்துவரிடம் போங்கள். சாகும் நினைப்பு வந்தால் இரண்டு வாரம் ஆகட்டும் என்று காத்திருக்கவே வேண்டாம், அன்றே யாரிடமாவது சொல்லுங்கள். மனச்சோர்வு நோய்க்குச் சிகிச்சை இருக்கிறது.

கடைசியாக, தொலைவில் இருக்கும் அண்ணன், தம்பி, அக்கா, தங்கைகளுக்கு. பெற்றவர்களைக் கூட வைத்துப் பார்க்கும் உடன்பிறப்பின் திருமணத்தில் உங்கள் பங்கும் இருக்கிறது. "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று சொல்லாதீர்கள். என்ன வேண்டும் என்று யோசித்துச் சொல்வதும் அவர்கள் தலையில் இன்னொரு வேலை. "அடுத்த மாசம் முதல் சனி, ஞாயிறு நான் வந்து அப்பாவைப் பார்த்துக்கறேன், நீங்க ரெண்டு பேரும் எங்கயாவது போயிட்டு வாங்க" என்று தேதியோடு சொல்லுங்கள். வர முடியாது என்றால் ராத்திரி உதவியாளருக்கான செலவை மாதாமாதம் ஏற்றுக்கொள்ளுங்கள். காப்பீட்டுக் காகிதங்கள், மருத்துவர் நேரம் வாங்குவது, மருந்துக்கு ஆர்டர் போடுவது எல்லாம் எங்கிருந்தாலும் செய்யலாம், அவற்றை முழுசாக உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். வந்து இரண்டு நாள் தங்கும்போது, "அம்மா ஏன் இவ்ளோ இளைச்சிட்டாங்க?" என்று அண்ணியிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.