வெப்அசெம்பிளியை பிரவுசருக்குள்ள மட்டும் வச்சுப் பாக்காதேங்கோ

யாழ்ப்பாணத்தில இப்ப சொப்ட்வெயார் படிக்கிற, வேலை செய்யிற பிள்ளையளோட கதைச்சால் எல்லாரும் டொக்கர் (புரோகிராமையும் அது ஓடத் தேவையானதையும் கொன்டெய்னர் எண்ட ஒரு பொதியாக் கட்டி ஓட்டுற கருவி), குபெர்நெட்டிஸ் (அந்தக் கொன்டெய்னரளைக் கன மெசினில மேய்க்கிறது) எண்டுதான் தொடங்குவினம். அது பிழை எண்டு நான் சொல்லேல்லை, வேலை எடுக்க அது வேணும். ஆனா வெப்அசெம்பிளி (சுருக்கமா வாஸ்ம், பல மொழியில எழுதின புரோகிராமை பல வகை மெசினிலயும் ஓடுற ஒரே வடிவத்துக்கு மாத்திற முறை) எண்டு வாயெடுத்தால் "அது பிரவுசரில கேம் ஓட்டுற சாமான் தானே அண்ணை" எண்டு சொல்லிட்டுப் போயிடுவினம், அதுதான் எனக்குக் கவலை. எங்களைப் போல சின்ன மெசினை வச்சு, ரூபாயில உழைச்சு டொலரில கிளவுட் பில் கட்டுற ஆக்களுக்கு இதைவிடப் பொருத்தமான சாமான் கிட்டடியில வரேல்லை எண்டு நான் நம்புறன்.

பிரவுசரில தொடங்கினது உண்மைதான். 2015 இல அறிவிச்சு, 2017 முடியிறதுக்குள்ள நாலு பெரிய பிரவுசரிலயும் வந்திட்டுது. ஆனா 2019 மார்ச்சில மொசில்லாக்காரர் வாஸி எண்டு ஒண்டைக் கொண்டு வந்தினம், அதாவது பிரவுசருக்கு வெளிய ஒரு வாஸ்ம் புரோகிராம் பைல் வாசிக்கிறது, நேரம் பாக்கிறது மாதிரி வேலையளை எப்பிடிக் கேக்க வேணும் எண்டதுக்கு ஒரு பொது ஒழுங்கு. அதைப் பாத்திட்டு டொக்கரைத் தொடங்கின சொலமன் ஹைக்ஸ், 2008 இலயே வாஸ்மும் வாஸியும் இருந்திருந்தால் டொக்கரை உருவாக்கியிருக்கவே தேவையில்லை எண்டு ட்விட்டரில எழுதினார். இதைக் கன பேர் ஷேர் பண்ணுவினம். ஆனா அதுக்குப் பிறகு அவரே, வாஸ்ம் டொக்கரை இல்லாமல் ஆக்காது, லினக்ஸ் கொன்டெய்னர், விண்டோஸ் கொன்டெய்னர், வாஸ்ம் எல்லாம் பக்கத்தில பக்கத்தில ஓடும் எண்டு சொன்னதை ஆரும் ஷேர் பண்ணுறேல்லை. நானும் அந்த ரெண்டாவது கட்சிதான்.

ரஸ்ட், சி, கோ எண்ட மொழியள் எதில எழுதினாலும் கடைசியில வாறது ஒரு வாஸ்ம் பைல். அது இன்டெல் சிப்புக்கு எண்டோ ஆர்ம் சிப்புக்கு எண்டோ செய்ததில்லை, ஓடுற இடத்தில இருக்கிற வாஸ்ம்டைம் மாதிரி ஒரு ரன்டைம்தான் (வாஸ்ம் பைலை ஓட்டுற புரோகிராம்) அந்த மெசினுக்கு ஏத்த மாதிரி மாத்தும். கொன்டெய்னர் அப்பிடியில்லை, இன்டெல் லப்டொப்பில கட்டின கொன்டெய்னர் பொதி (இமேஜ்) ஆர்ம் சிப் இருக்கிற ராஸ்பெர்ரி பை எண்ட சின்னக் கணினியில அப்பிடியே ஓடாது, அதுக்கு வேற பில்ட் போட வேணும்.

யாழ்ப்பாணத்து வலிகாமத்தை உதாரணமா எடுங்கோ. வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லாத இடம், கீழ முழுக்க சுண்ணாம்புக்கல், குடிக்கிறதும் வெங்காயத்துக்கு இறைக்கிறதும் எல்லாம் நிலத்தடித் தண்ணிதான், அளவுக்கு மிஞ்சி இறைச்சால் உவர் ஏறும். கிணத்தடியில ஒரு சின்னக் கணினி போர்ட்டை வச்சு தண்ணி மட்டத்தையும் உவரையும் அளந்து, அளவு தாண்டினால் மோட்டரை நிப்பாட்டிற மாதிரி ஒண்டு செய்யலாம். நிப்பாட்டிறதா இல்லையா எண்ட முடிவு அந்த இடத்திலயே எடுக்க வேணும், சிக்னல் இல்லாத நேரம் சிங்கப்பூரில இருக்கிற சேர்வரைக் கேட்டுக்கொண்டு நிக்கேலாது. பிறகு மழை முடிஞ்சு வெயில் தொடங்க கணக்கை மாத்த வேணும் எண்டால் எல்லாக் கிணத்துக்கும் புது வேர்ஷன் போக வேணும். பைதன் கொன்டெய்னர் எண்டால் வழமையா நூறு மெகாபைட்டுக்கு மேல, மாறாத அடுக்குகள் (லேயர்) திருப்பி இறங்காதுதான், ஆனா அந்த போர்டில டொக்கர் ஓடவே ஒரு முழு லினக்ஸ் வேணும். ரஸ்டில எழுதின சின்ன வாஸ்ம் மொடியூல் (அந்த வாஸ்ம் பைலைத்தான் இப்பிடிச் சொல்லுறது) சில நூறு கிலோபைட், கவனமா எழுதினால் அதைவிடக் குறைவு. வாம்ர் எண்ட ரன்டைம் தானே நூறு கிலோபைட்டுக்கும் குறைவு, லினக்ஸே இல்லாத மைக்ரோகொன்ட்ரோலரிலயும் ஓடும். அதே மொடியூலை கிளவுட்டில போட்டு பழைய டேட்டாவை வச்சு சோதிச்சும் பாக்கலாம், கோட் மாத்தத் தேவையில்லை.

கிளவுட் பக்கம் காசுக் கணக்கு. 2019 இல பாஸ்ட்லி எண்ட கிளவுட் கம்பனி தங்கட லூசெட் எண்ட வாஸ்ம் ரன்டைமைப் பற்றிச் சொல்லேக்க ஒரு வாஸ்ம் மொடியூலை 50 மைக்ரோசெக்கனுக்குள்ள எழுப்பலாம் எண்டு சொன்னவை, கொன்டெய்னர் எழும்ப நூற்றுக்கணக்கான மில்லிசெக்கன் போகும், சிலநேரம் செக்கன் கணக்கிலயும் போகும். உடன எழும்பும் எண்டால் சும்மா ஓட விட்டு வச்சிருக்கத் தேவையில்லை, ஆள் வந்தால் எழும்பி வேலையை முடிச்சிட்டுப் போகும். 2022 தொடக்கத்தில 200 ரூபாய் மட்டில நிண்ட டொலர் மே மாசம் 360 தொட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வெளிநாட்டுக் கஸ்டமர் இருக்கிற கம்பனி தப்பிச்சுது, ஊர்ச் சங்கத்துக்கும் டியூசனுக்கும் ஆப் செய்து குடுத்தவன்தான் மாட்டுப்பட்டான். இன்னொண்டு, எங்கட ஆக்கள் செய்யிற மரண அறிவித்தல் பக்கமோ கலியாண சேவையோ, பாக்கிறவையில கன பேர் ரொறன்ரோவிலயும் லண்டனிலயும்தான் இருக்கினம், அவைக்குக் கிட்ட இருக்கிற எட்ஜ் சேர்வரில ஓடினால் நல்ல வித்தியாசம் தெரியும். ஒவ்வொரு முறையும் மும்பாயில இருக்கிற டேட்டாபேசுக்கு ஓடிப் போனால் ஒரு பிரயோசனமும் இல்லை, அதையும் யோசிச்சுத்தான் டிசைன் பண்ண வேணும்.

ஆனா எனக்கு இதில ஆகப் பிடிச்சது பாதுகாப்புத்தான். வழமையா ஒரு புரோகிராம் ஓடினால் உங்கட யூசர் கணக்கால எதையெல்லாம் தொடலாமோ அதையெல்லாம் அதுவும் தொடலாம். 2018 இல ஈவன்ட்-ஸ்ட்ரீம் எண்ட என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியளைப் பகிருற இடம்) பக்கேஜுக்குள்ள பிட்கொயின் களவெடுக்கிற கோட்டை ஆரோ நுழைச்சு விட்டது இப்பிடியான நம்பிக்கையை வச்சுத்தான். வாஸியில மொடியூலுக்கு தொடக்கத்தில ஒண்டுமே இல்லை. வீட்டில ஒரு அறையை வாடகைக்குக் குடுத்தால் அந்த அறைத் திறப்பை மட்டும் குடுக்கிற மாதிரி, இந்த போல்டர், இந்த இணைப்பு எண்டு நீங்கள் குடுத்தால்தான் அது தொடலாம். ஒரே மொடியூலுக்குள்ள கட்டின லைப்ரரியளுக்கு நடுவில இந்தச் சுவர் இல்லை எண்டதையும் விளங்கிக் கொள்ளுங்கோ. 2024 ஜனவரியில வந்த வாஸி 0.2 ஓட சேர்ந்த கொம்போனன்ட் மொடல் அதுக்குத்தான், துண்டு துண்டாப் பிரிச்சு ஒவ்வொண்டுக்கும் தனி மெமரி குடுக்கிறது. சி யில விட்ட பிழை சிக்கினால் மொடியூல் தன்ட மெமரியைத் தானே குழப்பும், அதை வாஸ்ம் தடுக்காது, ஆனா வெளியால வராது.

குறையள் இருக்கு. பைதனில எழுதினதைக் கொண்டு போறது எண்டால் பைதனையே சேர்த்துக் கட்ட வேணும், பைல் ஊதிடும். திரெட் (ஒரே நேரத்தில பல வேலை ஓட்டுறது), டீபக்கிங் (பிழை தேடுறது) ரெண்டும் இன்னும் தலையிடிதான். வாஸி வேர்ஷன் மாற மாற பழைய உதாரணங்கள் ஓடாது, புதுசாப் படிக்கிற பிள்ளை அதிலயே களைச்சு விட்டிடும். போஸ்ட்கிரெஸ் மாதிரி டேட்டாபேசை இதில போட வெளிக்கிடாதேங்கோ, அதுக்குக் கொன்டெய்னர் போதும்.

கிளிநொச்சியில பொறியியல் பீடத்திலயும் திருநெல்வேலியில கணினி விஞ்ஞானத்திலயும் கடைசி வருசத் திட்டம் தேடுற தம்பி தங்கச்சியள், ஒரே வாஸ்ம் பைலை லப்டொப், ராஸ்பெர்ரி பை, கிளவுட் மூண்டிலயும் ஓட்டி, அதே வேலையை டொக்கரிலயும் செய்து, சைஸ், எழும்பிற நேரம், மெமரி மூண்டையும் அளந்து தமிழில எழுதிப் போடுங்கோ. ரஸ்டில தொடங்கிறது லேசு, கோ தெரிஞ்ச ஆக்களுக்கு கோ 1.21 இல இருந்து வாஸிக்கு பில்ட் பண்ணுற வசதி (டார்கெட்) உள்ளுக்கயே இருக்கு. கிணத்து உவர் அளக்கிற சென்சர் கையில வச்சிருக்கிற ஆராவது வலிகாமப் பக்கம் இருந்தால் உள்பெட்டிக்கு வாங்கோ, மொடியூலை நான் எழுதித் தாறன்.