வைகாசியில தண்ணி ஊத்த ஆள் இருக்கோ?

கார்த்திகை வந்தால் இலங்கையின் வடக்கே எங்கட வன்னி முழுக்க மரம் நடுகிறோம். பள்ளிக்கூடம், விளையாட்டுக் கழகம், சனசமூக நிலையம், கோயில் நிருவாகம் எல்லாம் இறங்குது. நல்ல விசயம், மாதமும் சரியான மாதம்தான். ஆனால் அடுத்த புரட்டாசியில் அதே இடத்துக்குப் போய் எத்தனை கன்று உயிரோடு நிற்குது என்று எண்ணிப் பார்க்கிற ஊர்களைத் தேடித்தான் பிடிக்க வேணும். எங்கட ஊர்களில் சுற்றுச்சூழல் வேலை வெல்வதும் தோற்பதும் நடுகிற நாளில் இல்லை, சோளகம் (தென்மேல் காற்று) அடிக்கிற அந்த ஐந்து மாதத்தில் என்பதுதான் என்னுடைய உறுதியான கருத்து. மரத்துக்கு மட்டுமில்லை, குளக்கட்டு நடைபாதைக்கும் இதேதான்.

முதலில் கணக்கு. 200 கன்று நடுகிறீர்கள் என்று வையுங்கோ. முதல் வருடக் கோடையில் ஒரு கன்றுக்கு ஒரு தடவைக்கு 10 லீற்றர், கிழமைக்கு இரண்டு தடவை. கிழமைக்கு 4,000 லீற்றர் வருது. வைகாசி தொடங்கி புரட்டாசி வரை ஏறக்குறைய 20 கிழமை என்றால் 80,000 லீற்றர். 500 லீற்றர் தாங்கி ஏற்றிய லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) கிழமைக்கு 8 ஓட்டம், மொத்தம் 160 ஓட்டம் ஓட வேணும். டீசலுக்கு யார் காசு? ஓடுகிற பெடியன் யார்? அந்த நேரம் சிறுபோக (கோடை நெல்) வேலை இருந்தால் லான்ட்மாஸ்டர் கிடைக்குமோ? இந்த மூன்று கேள்விக்கும் பெயர் சொல்லிப் பதில் இல்லை என்றால் 200 நட வேண்டாம், 60 நடுங்கோ. 60 கன்றுக்குக் கிழமைக்கு 1,200 லீற்றர், மூன்று ஓட்டத்தில் முடியும். 60 நட்டு 50 நிற்கிற ஊருக்கு அடுத்த வருடமும் ஆட்கள் வருவினம். 200 நட்டு எல்லாம் காய்ந்த ஊரில் "உதெல்லாம் சரிவராது" என்று சனம் கையை விட்டுவிடும். அந்த நம்பிக்கையைத் திரும்ப வளர்ப்பது கன்று வளர்ப்பதை விடக் கஷ்டம்.

தண்ணீர் தூரம் என்றால் மண்முட்டி நல்ல வழி. வர்ணம் பூசாத, சுட்ட 5 லீற்றர் முட்டியைக் கன்றிலிருந்து ஒரு அடி தள்ளிக் கழுத்துவரை புதைத்துவிட்டால் தண்ணீர் மெல்லமெல்லக் கசிந்து வேருக்குப் போகும். ஐந்தாறு நாளைக்கு ஒருக்கால் நிரப்பினால் போதும். வாயைச் சிரட்டையால் கட்டாயம் மூட வேணும், இல்லையென்றால் நுளம்பு பெருகும். குழிக்குள் தென்னம் பொச்சுமட்டை இரண்டு அடுக்குப் போட்டு நடுவதும் ஈரம் பிடித்து வைக்கும். வைக்கோல் மூடாக்கு வேண்டாம். மாடு அதைத் தேடி வந்து கன்றையும் சேர்த்துத் தின்னும், கறையானும் ஏறும்.

நடுகையில் நடக்கிற பிழைகள் பெரும்பாலும் சின்னச் சின்னவை. பொலித்தீன் பையோடு கன்றை இறக்குவது ஒன்று. நூறு பேர் சேர்ந்து அவசரமாக நடுகிற நாளில் இது நடக்கத்தான் செய்யும். பையின் அடியில் சுருண்டு கிடக்கிற வேரைக் கத்தியால் வெட்டாமல் விட்டால் இரண்டு வருடம் நல்லா நின்ற கன்று மூன்றாம் வருடம் காற்றுக்குச் சாயும். உயரமான கன்று வாங்க ஆசைப்படுவது இன்னொன்று. நாலடிக் கன்றை விட, பென்சில் தடிப்பில் தண்டு உள்ள ஒன்றரை அடிக் கன்றுதான் எங்கட வெயிலுக்குப் பிடிக்கும். குழி இரண்டு அடி ஆழம், இரண்டு அடி அகலம். முதல் மழை விழுந்து மண் இளகிய பிறகு, ஐப்பசியில் வெட்டினால் பாதி உழைப்பு மிச்சம். மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்து, நன்றாக உக்கிய மாட்டெரு ஐந்து கிலோவோடு கலந்து அடியில் போட வேணும். கார்த்திகை மூன்றாம் கிழமைக்குள் நட்டு முடிக்க வேணும். மார்கழி நடுவுக்குப் பிறகு நட்டால், மழை விடுவதற்குள் வேர் கீழே போக நாள் காணாது.

எந்த மரம் எங்கே என்பதும் முக்கியம். மருது தண்ணீரோரம் விரும்பும். குளத்து அலைகரையின் மேல் விளிம்பிலும் வாய்க்கால் கரையிலும் வைக்கலாம். நாவலுக்கும் இலுப்பைக்கும் ஈரப்பாங்கான இடம். வேம்பைப் பள்ளத்தில் வைத்தால் மார்கழி வெள்ளத்தில் வேர் அழுகும், அது மேட்டுக்கு. பாலையும் முதிரையும் மேட்டுநிலத்துக்குத்தான், ஆனால் பாலை மிக மெதுவாக வளரும் என்று தெரிந்து வையுங்கோ. குளக்கட்டின் மேலேயோ சரிவிலேயோ மட்டும் பெருமரம் வைக்கக் கூடாது. நிழல் வேணும் என்று வைக்கிறார்கள், மனம் விளங்குது. ஆனால் மரம் ஒருநாள் சாகும், வேர் உக்கும், உக்கிய வேர் போன இடம் குழாய் மாதிரி ஓட்டையாகித் தண்ணீர் கட்டைத் துளைக்கும். கட்டின் அடியிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி நடுங்கோ. பனம்விதையும் அப்படித்தான். பனம்விதைக்கு இன்னொரு சிக்கல், கிழங்கு வைத்ததும் காட்டுப்பன்றி கிண்டி எடுத்துவிடும். பன்றி நடமாட்டம் உள்ள இடத்தில் விதைத்த வரிசை மேல் காரைமுள் பரப்பி, அது இடம்பெயராமல் கல் வைக்க வேணும்.

மாட்டைப் பற்றிப் பேசாமல் வன்னியில் மரம் பற்றிப் பேச ஏலாது. காலபோகம் (மாரி நெல்) விதைத்ததும் பட்டி மாடுகள் வயலுக்குள் இறங்க வழியில்லை, மேய்ச்சல் தரை என்று ஒதுக்கியதும் குறைவு. அவை குளத்தோரமும் காட்டோரமும்தான் வரும். பட்டிக்காரரைக் கூட்டத்துக்குக் கூப்பிடாமல் கன்று நட்டுவிட்டு, பிறகு "மாடு தின்னுது" என்று சண்டை பிடிப்பது நியாயமில்லை. மாடு எந்த வழியால் தண்ணிக்கு இறங்கும் என்று அவரிடம் கேட்டு, அந்த வழியை 15 அடி அகலத்துக்கு விட்டு, மிச்சத்தில் நடுங்கோ. கூடு கட்டுவதற்கு நாலு கம்பும் பனைமட்டையும் போதும். இரும்புக் கூடு வாங்குகிற காசில் எத்தனையோ ஓட்டம் தண்ணீர் ஊற்றலாம். முள்ளையும் மட்டையையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேணும், கறையான் விடாது. ஆனியில் நடுகையைச் சுற்றி ஆறடி அகலத்துக்குப் புல்லைச் செருக்கி வெறும் நிலமாக்குங்கோ. ஆடி, ஆவணியில் காட்டோரம் தீ வந்தால் அந்த ஆறடிதான் கன்றுகளைக் காப்பாற்றும்.

இனி பாதை. குளக்கட்டில் நடைபாதை வேணும் என்று பல ஊர்களில் கேட்கிறார்கள். வவுனியாக் குளக்கட்டிலும் இரணைமடுவிலும் பின்னேரங்களில் சனம் வருவதைப் பார்த்தால் அந்த ஆசை எவ்வளவு நியாயமானது என்று தெரியும். ஆனால் மண்வெட்டி எடுக்க முதல் கடிதம் எழுத வேணும். 200 ஏக்கருக்கு (80 ஹெக்ரேயர்) உட்பட்ட வயலுக்கு நீர் கொடுக்கும் சின்னக் குளம் என்றால் கமநல சேவை நிலையம், அதற்கு மேற்பட்டது என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். காட்டோரம் என்றால் வனவளத் திணைக்களம். அவர்களின் எல்லைக் கல்லைத் தாண்டி ஒரு கொப்பும் வெட்டக் கூடாது. சுண்டிக்குளம் போல தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் என்றால் வனசீவராசிகள் திணைக்களம். கமக்கார அமைப்பின் சம்மதம் எல்லாவற்றுக்கும் முதல். கட்டு அவர்களின் வயலின் உயிர். கடிதத்தில் கிராம அலுவலர் பிரிவு, குளத்தின் பெயர், பாதையின் நீளம், கையால் கீறிய வரைபடம், பாவிக்கும் கருவிகள், வேலை நாட்கள், பிறகு யார் பராமரிப்பது ஆகிய எல்லாம் இருக்க வேணும். கடைசி வரி இல்லாத கடிதம்தான் மேசையில் அதிக நாள் கிடக்கும். கார்த்திகை வேலைக்கு ஆடியிலேயே எழுதுங்கோ.

அதே கடிதத்தோடு இன்னொரு கேள்வியும் கேட்க வேணும்: அந்த நிலம் கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதோ? போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்ப சிரமதானத்துக்கு வருகிறார்கள், அவர்களுக்குச் சிவப்புத் தடியும் மண்டையோட்டுப் பலகையும் என்ன சொல்கின்றன என்று சொல்லிக் கொடுத்தே ஆக வேணும். பிரதேச செயலகத்தில் கேட்டு உறுதிப்படுத்தாத நிலத்தில் அலவாங்கு இறக்க வேண்டாம். வெட்டிய பற்றையைக் குவித்து எரிக்கவே வேண்டாம். மண்ணுக்குள் கிடக்கிற வெடிபொருள் சூட்டில் வெடிக்கலாம். வெள்ளத்துக்குப் பிறகு துப்புரவாக்கிய இடத்திலும் புதுப் பொருள் ஒதுங்கியிருக்கக் கூடும். சந்தேகமான எதைக் கண்டாலும் தொடாமல், வந்த வழியால் திரும்பி, பொலிசுக்கும் கிராம அலுவலருக்கும் சொல்லுங்கோ.

புதுப் பாதை வெட்டுவதை நான் விரும்புவதில்லை. கமக்காரரும் மாடும் நடந்து நடந்து போட்ட தடம் ஏற்கனவே இருக்கும், அது பெரும்பாலும் மேட்டைப் பார்த்தே போகும். மார்கழி மழையில் அந்தத் தடத்தில் நடந்து, கால் புதைகிற இடங்களில் தடி நட்டுக் குறியுங்கோ. கிரவல் அந்த இடங்களுக்கு மட்டும். கணக்குப் பாருங்கோ: 500 மீற்றர் நீளம், 4 அடி அகலம், 4 அங்குலத் தடிப்பு என்றால் ஏறக்குறைய 62 கன மீற்றர். இறுகும்போது குறைவதற்கு 30 வீதம் கூட்டினால் ஏறக்குறைய 80. ஒரு கியூப் 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர் என்பதால் ஏறக்குறைய 28 கியூப் வேணும். ஆனால் சேறாகிற இடம் 80 மீற்றர்தான் என்றால் நாலரைக் கியூப் போதும், ஐந்து உழவு இயந்திரப் பெட்டி. அனுமதி இல்லாத கிடங்கிலிருந்து கிரவல் வாங்கி ஒரு சுற்றுச்சூழல் வேலைக்குப் போடுவது சரியில்லை. டிப்பரைக் கட்டின் மேல் ஏற்றவும் கூடாது. ஒரு ஓட்டத்தில் விழுகிற சில்லுத் தடம் அடுத்த மழையில் வாய்க்காலாகும்.

கிரவல் போட மாசி, பங்குனி நல்லது. மண்ணில் கொஞ்சம் ஈரம் இருக்கும். கையில் பிடித்துப் பிசைந்தால் உருண்டை நிற்க வேணும், உள்ளங்கை நனையக் கூடாது. இரண்டு அங்குலம் போட்டு இடித்து இறுக்கி, பிறகு அடுத்த இரண்டு அங்குலம். நாலங்குலத்தையும் ஒரேயடியாகக் கொட்டினால் மேலே இறுகி அடி பொசுபொசுவென்று இருக்கும், முதல் மழையிலேயே குழி விழும். காட்டோரப் பாதையில் நாலடி அகலத்துக்கு இரண்டு அங்குலச் சரிவு, பள்ளப் பக்கமாக. குளக்கட்டின் மேலே என்றால் சரிவு குளத்துப் பக்கமாக இருக்க வேணும். வயல் பக்கம் சரிந்தால் மழைநீர் கட்டின் புறச்சரிவை அரித்துக்கொண்டு போகும். கட்டில் பற்றை வெட்டும்போது அடியோடு வெட்டுங்கோ, வேரைக் கிண்ட வேண்டாம்.

வேலை நாளுக்கு 20 பேர் என்றால் ஆறு மண்வெட்டி, மூன்று அலவாங்கு, ஆறு காட்டுக்கத்தி, நாலு தாச்சி போதும். கத்தி பிடிக்கிறவர்களுக்கு இடையில் பத்தடி இடைவெளி. காலை 6.30க்குத் தொடங்கி 10.30க்கு முடித்துவிட வேணும். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், கொஞ்ச ஜீவனிப் பைக்கற்று (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புக் கரைசல் தூள்). பாம்பு கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், ஆளை நடக்க விடாமல் 1990 அம்புலன்சுக்கு அழைத்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. யானை நடமாட்டம் உள்ள பக்கம் காலை வெளித்த பிறகுதான் போக வேணும், பின்னேரம் ஐந்துக்கு முதல் திரும்பிவிட வேணும். யானை தண்ணிக்கு இறங்கும் வழியைக் குறுக்கறுத்துப் பாதை போடவே வேண்டாம்.

பார்த்தீனியக் களை பிடுங்குவதும் பாதைவேலையோடு சேர்ந்ததுதான். அது வீதியோரமாகத்தான் பரவுது, சப்பாத்துச் சேற்றிலும் சில்லிலும் விதை ஒட்டிப் போகும். பூக்க முதல், ஈர மண்ணில், கையுறை போட்டு, வேரோடு பிடுங்க வேணும். பூத்ததைப் பிடுங்கி ஆட்டினால் விதைத்தது மாதிரி. குளத்தில் மிதக்கிற சல்வீனியாக் களையைச் சோளகக் காலத்தில் எடுப்பது சுகம், காற்றே அதைக் குளத்தின் வடகிழக்கு மூலைக்கு ஒதுக்கிவிடும். எடுத்ததை நீர் மட்டம் ஏறாத தூரத்துக்குக் கொண்டுபோய்க் காயவிடுங்கோ. கரையில் குவித்தால் ஐப்பசி மழை அதைத் திரும்பக் குளத்துக்குள் தள்ளும். துப்புரவு என்று தாமரையையும் அல்லியையும் சேர்த்துப் பிடுங்காதேங்கோ. அது மீனுக்கு வீடு, பூப்பறிக்கிற சனத்துக்குச் சோறு.

வெளிநாட்டிலிருந்து உதவ விரும்புகிற உறவுகளிடம் ஒன்று கேட்கிறேன். கன்றுக்கும் பெயர்ப்பலகைக்கும் காசு அனுப்புவதை விட, 20 கிழமை டீசலுக்கும் தண்ணீர் ஊற்றுகிற ஒருவரின் கூலிக்கும் அனுப்புங்கோ. அதைக் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கில் போட்டு, கிழமைக் கிழமை எத்தனை கன்று உயிரோடு என்று எழுதிய கொப்பியின் படத்தைக் கேளுங்கோ. மாதர் சங்கங்கள் இந்தக் கொப்பியை எழுதத் தொடங்கினால் வேலை நின்றுபோகாது.

குளக்கட்டில் பாதை வேணும் என்று நான் சொல்வதற்குப் பெரிய காரணம் காற்று வாங்குவதில்லை. ஆள் நடமாடுகிற கட்டில் எலி வளையும் கறையான் புற்றும் முதல் கிழமையிலேயே கண்ணில் படும். பற்றை மூடிய கட்டில் தண்ணீர் வெளியே வந்த பிறகுதான் தெரியும். நடக்கிற எல்லாருக்கும் இதைச் சொல்லி வையுங்கோ: கட்டின் வயல் பக்கம் அடியில் ஈரம் கண்டால், கசிகிற தண்ணியை உள்ளே தெரிகிற ஒரு வெள்ளைப் போத்தலில் பிடித்துப் பாருங்கோ. தெளிவாக இருந்தால் இடத்தைத் தடி நட்டுக் குறித்து, கமக்கார அமைப்புக்கு அன்றைக்கே சொல்லுங்கோ. கலங்கலாக இருந்தால் கட்டின் மண் கரைந்து வருது என்று அர்த்தம். விடியும்வரை பார்த்துக்கொண்டிராமல், அந்த இரவே கமக்கார அமைப்புத் தலைவரையும் திணைக்கள அலுவலரையும் எழுப்புங்கோ. வான் (குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழி) பாயும் நேரம் என்றால் கட்டுக்குக் கீழே இருக்கிற வீடுகளையும்.