இசைக் கல்லூரியும் கல்லூரிதாங்க

எங்கள் தெருமுனை ஃப்ளெக்ஸ் பற்றித்தான். படத்தை நேற்றே பாதிப் பேர் பார்த்துவிட்டீர்கள். இன்பாக்ஸில் வந்து "விடுங்கண்ணே" என்றும் சொல்லிவிட்டீர்கள். விடலாம் என்றுதான் ராத்திரி பன்னிரண்டு மணி வரை புரண்டு கொண்டிருந்தேன். முடியவில்லை.

பதினோரு பிள்ளைகள். "கல்லூரியில் அடியெடுத்து வைக்கும் எங்கள் தெருவின் செல்வங்களுக்கு ஆடித் திருவிழா வாழ்த்துகள்." பன்னிரண்டாவது பிள்ளை என் மகன். அவன் படம் இல்லை. கமிட்டித் தம்பியிடம் கேட்டேன். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே, காலேஜ் சேர்ந்தவங்களை மட்டும்தான் போட்டோம்" என்றான். அப்படியானால் என் பையன் எதில் சேர்ந்திருக்கிறான்? கல்யாண மண்டபத்திலா?

இசைக் கல்லூரியும் கல்லூரிதான். விண்ணப்பம் உண்டு, சான்றிதழ் சரிபார்ப்பு உண்டு, தேர்வு உண்டு, அட்டெண்டன்ஸ் உண்டு. தமிழ்நாட்டில் அரசு இசைக் கல்லூரி மொத்தமே நான்கு: சென்னை, மதுரை, கோவை, திருவையாறு. அதில் ஒன்று நம் மதுரைப் பசுமலையில் இருக்கிறது. பெரியார் நிலையத்தில் திருப்பரங்குன்றம் பஸ் ஏறினால் வழியில் இறங்கிக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை அந்த வழியாகவே முருகனைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. 2013-இல் இசைக்கென்று தனிப் பல்கலைக்கழகமே வந்துவிட்டது. நம் தெருவுக்கு மட்டும் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

அப்புறம் ஒருத்தர் சமாதானம் சொன்னார், "ஃப்ளெக்ஸில் இடம் பத்தலை" என்று. இடம் பற்றி நான் கொஞ்சம் பேச வேண்டும். வட்டப் பொறுப்பாளர் கைகூப்பி நிற்பதற்கு மூன்றடி. அவருடைய தலைவருக்கு இரண்டடி. வட்டிக்கடைக்காரருக்கு ஒரு மூலை முழுக்க. கமிட்டித் தம்பிகள் ஒன்பது பேர், அதில் நான்கு பேர் கூலிங் கிளாஸோடு. இத்தனைக்கும் போக ஒரு பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு இடமில்லை. சரி, நம்புகிறேன்.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பதினோரு பேரில் ஏழு பேருக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங் விண்ணப்பம் நிரப்பியது நான்தான். கணக்கு நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது, ஆக 200-க்குக் கட்-ஆஃப் என்று ஒவ்வொரு அம்மாவுக்கும் விளக்கிச் சொல்லி, சர்வர் தொங்கினால் ராத்திரி வரை உட்கார்ந்து போட்டுக் கொடுத்தேன். ஒரு பையன் கல்லூரி வரிசையைத் தேர்ந்தெடுத்த விதம் சொல்லவா? "அண்ணே, பஸ் ஏசியா பாருங்க." அவன் படம் ஃப்ளெக்ஸில் நடுவில் இருக்கிறது. நல்ல பையன், நன்றாக இருக்கட்டும்.

என் மகனுக்கும் கட்-ஆஃப் 168 இருந்தது. அதையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது பாருங்கள், மார்க் இல்லாமல் போனான் என்று நினைத்துவிடக் கூடாதாம். அவன் நாதசுரம் வாசிக்கிறவன். பசுமலையா திருவையாறா என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டான். திருவையாறு என்றால் காவிரிக்கரை, எந்தப் பக்கம் திரும்பினாலும் வித்வான்கள். நாதசுரத்தில் வாய் வைத்து ஊதும் நாணல் துண்டு, அந்தச் சீவாளி கிழிந்தால் பக்கத்திலேயே செய்து வாங்கலாம். ஆனால் அவனுடைய வாத்தியார் இங்கே மதுரையில் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். "காலேஜ் மூணு வருஷம் கழிச்சும் இருக்கும்ப்பா, அவர்கிட்ட கத்துக்க வேண்டியதை இப்பவே கத்துக்கணும். பகல்ல பசுமலை, சாயங்காலம் அவர் வீடு" என்றான். பதினேழு வயதுப் பையன், கட்டிடத்தைப் பார்க்காமல் ஆளைப் பார்த்துக் கல்லூரி தேர்ந்தெடுத்திருக்கிறான். ஏசி பஸ் கேட்கவில்லை.

"வருமானத்துக்கு என்ன வழி?" இதைக் கேட்பீர்கள், தெரியும். முகூர்த்தம் இல்லாத மாதத்தில் கஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கோயில் வேலைக்கு அறநிலையத்துறை நாதசுரம், தவில் ஆள் எடுக்கும்போது இசைப்பள்ளிச் சான்றிதழ் கேட்கிறது. வெறும் வாசிப்பு போதாது, தாளும் வேண்டும். அதற்குத்தான் படிக்கப் போகிறான். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பி.இ. முடித்துவிட்டு என் கடைக்கு ரெஸ்யூம் பிரிண்ட் எடுக்க வருகிறவர்களிடம் நான் ஒருநாளும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

உண்மையில் இவர்கள் பிரச்சினை வருமானமும் இல்லை. "மேளக்காரன் வேலைக்கு எதுக்குக் காலேஜ்?" இதுதான் அடியில் இருப்பது. தில்லானா மோகனாம்பாளில் சிவாஜி கன்னத்தை உப்பினால் விசில் அடிப்பார்கள். அந்த வாசிப்பு நம் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது என்றால் அதற்கும் பெருமைப்படுவார்கள். பக்கத்து வீட்டுப் பையன் அதே வாத்தியத்தைப் படிக்கப் போனால் மட்டும் அது படிப்பில்லை. போன வருடத் திருவிழாவுக்குக் கேரளாவிலிருந்து செண்டை மேளம் இறக்கினார்களே, அந்தப் பணத்தைக் கேட்டால் மயக்கம் வரும்.

இதையெல்லாம் பேச எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று ஒருவர் கமெண்டில் கேட்டிருக்கிறார். எங்கள் குடும்பத்தைத் தெரிந்தவர்தான். கேட்கட்டும்.

என் அப்பா தவில்காரர். வலது கை விரல்களுக்கு மைதாப் பசையில் துணி சுற்றிக் கூடு செய்து காய வைப்பார். வீட்டு ஜன்னல் கட்டையில் எப்போதும் ஐந்து கூடு வரிசையாக இருக்கும். நான் எட்டாவது படிக்கும்போது என் வகுப்புப் பையனுடைய அக்கா கல்யாணம். மண்டபத்துக்குள் போனால் மேடையோரம் அப்பா. பையன் கேட்டான், "டேய், அது உங்கப்பாதானே?" நான் சொன்னேன், "இல்லடா, எங்க தெருக்காரரு." அது அவர் காதில் விழுந்திருக்கும் என்று நினைக்கவில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்து தவிலை இறக்கி வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னார், "தெருக்காரருக்குக் குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு." என்னைப் பார்க்கவே இல்லை. அதற்கப்புறம் என்னைத் தவில் பக்கம் கூப்பிடவும் இல்லை.

அப்பா ஜெராக்ஸ் கடைத் திறப்பு விழாவுக்கு வந்து மெஷினைத் தொட்டுப் பார்த்தார். நல்ல சத்தம் என்றார். என் மகன் நாலாவது படிக்கும்போது, தானாகப் போய் நாதசுரம் வேண்டும் என்று கேட்டது அவரிடம்தான், என்னிடம் இல்லை. நரசிங்கம்பேட்டைக்கு அவரே கூட்டிக்கொண்டு போய் ஆச்சா மரத்தில் செய்தது வாங்கிக் கொடுத்தார். அந்த ஊர் நாதசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி பேப்பரில் வந்தபோது, அதைப் படிக்க அவர் இல்லை.

சரி, ஃப்ளெக்ஸுக்கு வருகிறேன். இன்று காலை அதே கமிட்டித் தம்பி போன் செய்தான். "அண்ணே, சாயங்காலம் முளைப்பாரிக்குத் தம்பியை அனுப்பி வைங்க. நம்ம பையன்தானே!" படம் போட நம்ம பையன் இல்லை, ஓசியில் வாசிக்க மட்டும் நம்ம பையன். முடியாது என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போனால் மகன் டம்ளர் தண்ணீரில் சீவாளியை ஊறப்போட்டு உட்கார்ந்திருக்கிறான். "போறேன்ப்பா. ஆத்தாவுக்குத்தானே" என்கிறான். இந்தப் பதிவைப் போட வேண்டாம் என்றும் சொன்னான். போட்டுவிட்டேன்.

இதை அடித்துக்கொண்டிருக்கும்போதே ஊர்வலம் கடைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. ஃப்ளெக்ஸைத் தாண்டி வருகிறார்கள் போல. பையன் நிதானமாகத்தான் வாசிக்கிறான். தவில் யாரென்று தெரியவில்லை, ஆள் தாளத்தில் ஓடுகிறார். அப்பா இருந்திருந்தால் ஒரு முறை முறைத்திருப்பார்.