ராஜாவைக் கனம்பண்ணச் சொன்ன நிருபமும் பாபிலோனும்

பைபிளின் புதிய ஏற்பாட்டில் பேதுருவின் முதல் நிருபத்தில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டாம் அதிகாரத்தில் "ராஜாவைக் கனம்பண்ணுங்கள்" என்கிறது. கடைசி அதிகாரத்தில், பாபிலோனில் இருக்கிற சபை உங்களுக்கு வாழ்த்துச் சொல்கிறது என்று முடிகிறது. அந்தப் பாபிலோன் ரோம்தான் என்று நான்காம் நூற்றாண்டிலேயே சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் எழுதிவிட்டார். ராஜாவுக்கு, அதாவது ரோமப் பேரரசருக்கு, மரியாதை கொடு, சரி. ஆனால் அவர் உட்கார்ந்திருக்கும் ஊருக்கு இந்தப் பெயர்!

இதையெல்லாம் பிடிபடாமல் இருக்க வைத்த ரகசியப் பெயர் என்பார்கள். நான் அதை அவ்வளவாக நம்புவதில்லை. பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் 17ஆம் அதிகாரத்தில் மகா பாபிலோன் ஏழு மலைகள்மேல் உட்கார்ந்திருக்கிறாள். ரோம் ஏழு குன்றுகளின் ஊர் என்பது அன்று யாருக்குத் தெரியாது? ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் கி.பி. 71இல் வெளியிட்ட ஒரு நாணயத்திலேயே ரோமா தேவி ஏழு குன்றுகள்மேல் சாய்ந்து அமர்ந்திருக்கிறாள். இந்த லட்சணத்தில் எதை மறைக்க?

கி.மு. 586 வாக்கில் எருசலேம் ஆலயத்தை எரித்தது பாபிலோன். கி.பி. 70இல் மறுபடி எரித்தது தீத்துவின் ரோமப் படை. அதற்குப் பிறகு யூதர்கள் எழுதிய எஸ்றாவின் நான்காம் நூலிலும் ரோமுக்குப் பதிலாகப் பாபிலோன்தான் வருகிறது. ஏசாயா, எரேமியா தீர்க்கதரிசிகளின் வார்த்தைகளைக் கேட்டு வளர்ந்தவனுக்குப் பாபிலோன் என்றாலே அது விழுந்த கதையும் சேர்ந்தே ஞாபகம் வரும். பெயர் வைத்தபோதே தீர்ப்பையும் சொல்லியாயிற்று.

அப்புறம் 666, வெளிப்படுத்தின விசேஷம் 13இல் வரும் மிருகத்தின் எண். எபிரெயத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் மதிப்பு உண்டு. 'நெரோன் கேசர்', அதாவது ரோமப் பேரரசர் நீரோ, என்பதை எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 50, 200, 6, 50, 100, 60, 200: மொத்தம் 666. நெரோனின் கடைசி 'ன்' போனால் 616. வெளிப்படுத்தின விசேஷத்தின் சில பழைய பிரதிகளில் 616 என்றே இருக்கிறது. எனக்கு இதுவே போதும், அது நீரோதான். ஆனாலும் இரண்டாம் நூற்றாண்டின் பிஷப் இரேனியஸ் 616ஐப் பிழை என்று கண்டித்துவிட்டு, லத்தீனோஸ், தைத்தான் என்று வேறு பெயர்களைக் கணக்குப் பார்க்கிறார். நீரோ அவர் பட்டியலில் இல்லை. நூறு வருஷத்துக்குள்ளேயே அவ்வளவு குழப்பம் என்றால், பார்கோடில் 666 தேடும் நம் வாட்ஸ்அப் அண்ணன்மார்களைச் சொல்லிக் குற்றமில்லை.

ஆனால் எந்த எண்ணும் கூட்டாமல் புரிகிற பகுதி அதே புத்தகத்தின் 18ஆம் அதிகாரம். பாபிலோன் விழுந்ததும் வியாபாரிகள் ஒப்பாரி வைக்கிறார்கள், இனி எங்கள் சரக்கை வாங்க ஆளில்லையே என்று. பொன், வெள்ளி, முத்து, பட்டு, தந்தம், கோதுமை, ஆடு, குதிரை, ரதம் என்று நீளும் அந்தப் பட்டியலின் கடைசிச் சரக்கு, அடிமைகள், மனுஷருடைய ஆத்துமாக்கள்.

666 பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இந்தச் சரக்குப் பட்டியலைப் பற்றி இதுவரை ஒன்றுகூடக் கேட்டதில்லை.