எந்தத் தலைமுறை, அண்ணே?

மாவோ காலத்தில் கிராமங்களுக்கு அனுப்பப்பட்ட சீன இளைஞர்களைப் பற்றிய ஞாயிற்றுக்கிழமை நேரலையில் நடந்தது பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே மைக்கை அணைத்ததைக்கூட விட்டுவிடுகிறேன். நேரலையை நடத்திய அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னாரே, "கிராமத்துக்குப் போன அந்தத் தலைமுறையே வருத்தமில்லைன்னு சொல்லுது, உனக்கென்ன தம்பி?" என்று, அதுதான் உறுத்துகிறது.

எந்தத் தலைமுறை, அண்ணே?

படித்த இளைஞர்கள் கிராமத்துக்குப் போய் ஏழை விவசாயிகளிடம் மறுகல்வி பெற வேண்டும் என்ற மாவோவின் அறிவுறுத்தல் 1968 டிசம்பர் 22 அன்று கட்சிப் பத்திரிகையான மக்கள் நாளிதழில் வந்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிப் பேருக்குக் குறையாமல் போனார்கள். பெரும்பாலும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். மாவோ படத்தைத் தூக்கிக்கொண்டு தாமாகவே ரயிலேறியவர்களும் உண்டு, தெருக் கமிட்டி (அந்தந்தத் தெருவைக் கவனிக்கும் உள்ளூர் நிர்வாகக் குழு) வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டதால் ஏறியவர்களும் உண்டு. இத்தனை பேருக்கும் ஒரே வாயா?

'வருத்தமில்லாத இளமை' என்ற கோஷம் 90களின் தொடக்கத்தில், நகரம் திரும்பியவர்கள் நடத்திய கண்காட்சிகளில் பரவியது. திரும்பியவர்கள், அண்ணே. அவ்வளவு மகிழ்ச்சி என்றால், 1978 கடைசியில் தென்மேற்கே யுன்னான் மாகாண ரப்பர் பண்ணைகளில் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்து, வீட்டுக்கு அனுப்பு என்று பெய்ஜிங்குக்கே ஆளனுப்பியது எதற்கு?

ஷாங்காயில் நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மாவின் அக்கா வடகிழக்குக் கோடியில் உள்ள ஹெய்லோங்ஜியாங் மாகாணப் பண்ணைக்குப் போனவர். அக்கா போனதால்தான் தங்கைக்கு ஊரிலேயே ஆலை வேலை கிடைத்தது. அக்கா அங்கேயே உள்ளூர்க்காரரைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். ஒரு முறை அவர் ஷாங்காய் வந்திருந்தபோது பழைய பண்ணைத் தோழர்களின் ஒன்றுகூடல் நடந்தது. பழைய பச்சைச் சீருடை, பாட்டு, விருந்து எல்லாம் உண்டு. அவர் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். "திரும்பி வந்தவங்க நடத்துறது அது" என்று சொல்லிவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டார். தங்கை அன்று முழுக்க வாய் திறக்கவில்லை. அந்த அக்காவும் அந்தத் தலைமுறைதானே, அவரிடம் யார் கேட்டார்கள்?

"ஷி ஜின்பிங்கைப் பார்" என்பீர்கள். பார்த்தேன். 1969 முதல் 1975 வரை லியாங்ஜியாஹே என்ற கிராமத்தில் இருந்தார், குகை வீட்டில் படுத்தார், சிங்ஹுவா பல்கலைக்கழகத்துக்குப் போனார். சரி. 1977 டிசம்பரில் நுழைவுத்தேர்வு மறுபடி வந்தபோது எழுதியவர்கள் சுமார் 57 லட்சம். இடம் கிடைத்தது 3 லட்சம் பேருக்குக்கூட இல்லை. மீதிப் பேரில் எத்தனையோ பேர் ஊர் திரும்பி அரசு ஆலையில் சேர்ந்து, 90களின் பிற்பகுதியில் ஆட்குறைப்பில் வெளியே வந்தார்கள். அவர்கள் படம் உங்கள் ஸ்லைடில் இல்லையே?

கிராமப் பள்ளிகளில் பாடம் நடத்தினார்கள், வெறுங்கால் மருத்துவர்களாக (கொஞ்சகாலப் பயிற்சியோடு கிராமத்தில் வைத்தியம் பார்த்தவர்கள்) இருந்தார்கள். உண்மை, மறுக்கவில்லை. அடுத்து.

"ஷாங்காயில் சம்பளம் வாங்கிக்கொண்டு சீனாவைத் திட்டுகிறான்" என்று ஒரு தோழர். சம்பளம் வேலைக்குக் கொடுத்தார்கள் தோழர், ஜால்ராவுக்கு இல்லை. அதற்கு லைக் போட்டவர்களில் என் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டவர்களும் இருக்கிறார்கள். பார்த்தேன்.

ஆனால் 'இழந்த தலைமுறை' என்று உருகுகிறவர்களும் எனக்கு ஒத்துவரவில்லை. அவர்களுக்குக் கிராமம் என்றால் சிறை. அந்தச் 'சிறை'யிலேயே பிறந்து, எங்கே வாழலாம் என்பதைத் தீர்மானிக்கும் குடிப்பதிவு நகரத்துக்கு மாறாமல், இருந்த தானியத்தை இந்தப் பிள்ளைகளோடும் பங்கு போட்ட விவசாயிக்குத் திரும்பிப் போக எந்த ஊர் இருந்தது? அவனுக்குத் தலைமுறைப் பெயரும் கிடையாது, ஒன்றுகூடலும் கிடையாது. நானும் களத்துமேட்டில் வளர்ந்தவன், அதனால் கொஞ்சம் அதிகமாகவே சுடுகிறது. 'இந்தக் காலத்துப் பசங்களை இரண்டு வருஷம் கிராமத்துக்கு அனுப்பினால் திருந்துவார்கள்' என்று நேரலையில் யாரோ சொன்னபோது கைதட்டினீர்களே, அண்ணே, எங்கள் ஊர் என்ன சீர்திருத்தப் பள்ளியா? முதலில் உங்கள் வீட்டுப் பிள்ளையை அனுப்புங்கள், அண்ணே. இன்டர்நேஷனல் ஸ்கூலில் டிசி வாங்க நானே கூட வருகிறேன்.

அடுத்த வாரப் போஸ்டரில் இன்னும் என் படம் இருக்கிறது. எடுத்துவிடுங்கள்.